லேத்தில் கடைய முடியாதவை

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறவர்கள் இன்ஜினுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை பற்றி ஈரோட்டிலிருந்து ஒரு சிறப்புக் கட்டுரை

"நாங்க வர்ற வரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ண வேண்டாமுங்க" என்று முந்தின நாள் ராத்திரியே போனில் சொல்லியிருந்தோம். சரிங்க என்றுதான் சொன்னார் விற்பவர். காலை ஆறு மணிக்குப் பெருந்துறை ரோட்டில் அந்த வீட்டு வாசலில் போய் இறங்கினோம். சித்தோட்டிலிருந்து கூட வந்திருந்த மெக்கானிக் அண்ணன் யாரிடமும் பேச்சுக் கொடுக்கவில்லை. நேராகப் போய்க் கறுப்பு ஆக்டேவியாவின் பானெட் மேல் உள்ளங்கையை வைத்தார். காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியில் வைப்பதுபோல அரை நிமிடம் அப்படியே வைத்திருந்தார்.

"சூடா இருக்குதுங்களே."

"பையன் பால் வாங்கப் போயிட்டு வந்தானுங்க."

"பரவால்லீங்க, ஆறட்டும். நாங்க உக்காந்துக்கறோம்."

என் அக்கா மகனுக்கு முகம் வாடிவிட்டது. கல்லூரியில் படிக்கும்போதே அவன் ஆசைப்பட்ட வண்டி அது. 2007 மாடல் ஆக்டேவியா வி.ஆர்.எஸ்., 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 150 குதிரைத் திறன், ஐந்து கியர். இன்றைக்கு விசைத்தறி ஓட்டிச் சம்பாதித்த சொந்தக் காசு கையில் இருக்கிறது. சாவியைத் திருப்பிச் சத்தத்தைக் கேட்டுவிட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தான். "ரெண்டு மணி நேரம் பொறுடா" என்றேன். பழைய டர்போ காரைச் சூடாகக் காட்டினால் பாதி வியாதி மறைந்துவிடும். ராத்திரி முழுக்க நின்ற இன்ஜினை முதல் தடவை கிளப்பும்போது சைலன்சரில் நீலப் புகை வருகிறதா, டேப்பெட் எத்தனை நொடி தட்டுகிறது, பேட்டரி இழுக்கத் திணறுகிறதா, ஐடிலிங் ஏறி இறங்குகிறதா என்பதெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில்தான் தெரியும்.

பானெட் சூடாக இருந்ததால் எங்களுக்கு ஒரு நன்மை. எல்லோரும் முதலில் பார்க்கும் இன்ஜினைக் கடைசியில் பார்க்க வேண்டியதாயிற்று. பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் பொறுத்தவரை அதுதான் சரியான வரிசை என்று நான் உறுதியாக நம்புகிறேன். இன்ஜினில் என்ன கோளாறு இருந்தாலும் நம் ஊரில் சரிசெய்துவிடலாம். கோவையின் கணபதியிலும் பீளமேட்டிலும் சிட்கோவிலும் பார்க்காத வேலையா? பம்ப் செட்டும் மோட்டாரும் செய்து நாடு முழுக்க அனுப்பும் கோயம்புத்தூர் பக்கத்திலேயே இருக்கிறது. சிலிண்டர் போரிங் பண்ணி ஸ்லீவ் போடலாம், ஹெட்டை ஃபேசிங் செய்யலாம், புஷ் கிடைக்காவிட்டால் லேத்தில் கடைந்து வாங்கலாம். லேத்தில் கடைய முடியாதவை மூன்று: காகிதம், கூடு, கம்ப்யூட்டர். அந்த மூன்றையும் பார்க்காமல் இன்ஜின் சத்தத்தில் மயங்கி அட்வான்ஸ் கொடுத்தவர்கள்தான் பின்னால் பட்டறை வாசலில் தலையில் கை வைத்து உட்காருகிறார்கள்.

இந்த ஊர்க்காரர்களுக்கு ஏன் இந்தப் பைத்தியம்?

சொகுசுக் கார் வாங்குவது வேறு, வேகக் கார் வாங்குவது வேறு. இரண்டாவது ஆசை கொங்கு நாட்டில் பல வருடங்களாக ஊறிக் கிடக்கிறது. லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் குடும்பத்தில் பிறந்த கரிவரதன் சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் ஓட்டியவர். மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை 1980-களின் கடைசியில் கோவையிலேயே வடிவமைத்தார். நடுத்தரக் குடும்பத்துப் பையனும் ஃபார்முலா கார் ஓட்டலாம் என்ற நிலை அதற்குப் பிறகுதான் வந்தது. 1995-இல் சிறு விமான விபத்தில் அவர் இறந்துபோனார். செட்டிபாளையத்தில் இருக்கும் பந்தயத் தடத்துக்கு அவர் பெயர்தான்: கரி மோட்டார் ஸ்பீட்வே. அந்த ஃபார்முலா மாருதியில் பழகிய கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன்னில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். அவருடைய அப்பாவும் ராலி ஓட்டியவர்.

சித்தோட்டு அண்ணனே அந்தக் காலத்தில் கோவைப் பட்டறை ஒன்றில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துத் தொழில் கற்றவர். "அங்க ஓட்டறவங்களுக்கு வண்டி ஒரு கையும் காலும் மாதிரி. இங்க வந்து வாங்கறவங்களுக்கு வண்டி ஒரு போட்டோ" என்று வருத்தத்தோடு சொல்வார்.

பந்தயமும் ராலியும் இருக்கும் ஊரில் அவற்றில் ஓடிய வண்டிகளும் கைமாறிக்கொண்டே இருக்கும். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே வேறு கதை. தரை மிதியடியைத் தூக்கிப் பாருங்கள். உருண்டாலும் கூரை நசுங்காமல் இருக்க உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டு வைத்திருந்தால் தரையின் நான்கு மூலையிலும் வெல்டிங் தடமோ போல்ட் ஓட்டையை அடைத்த தடமோ இருக்கும். தீயணைப்புக் குடுவை மாட்டிய துளை இருக்கும். அடியில் ஆயில் சம்ப்புக்குக் கவசத் தகடு மாட்டிய ஓட்டைகள் இருக்கும். பந்தயத்தில் ஓடியது குற்றமில்லை. சொல்லாமல் மறைப்பதுதான் குற்றம்.

சூடு ஆறும் வரை ஆர்.சி. புத்தகம்

திண்ணையில் காபி வந்தது. அண்ணன் டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு ஆர்.சி.யைக் கேட்டார்.

2007 வண்டி என்றால் பதினைந்து வருடப் பதிவு 2022-இலேயே முடிந்திருக்கும். அதன்பின் எஃப்.சி. காட்டி ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்திருக்க வேண்டும். புதுப்பிக்காமல் ஷெட்டில் நின்ற வண்டி என்றால் அந்த வேலை முழுக்க வாங்குகிறவர் தலையில் விழும். புதுப்பிக்கும் கட்டணம் காருக்கு முன்பு 600 ரூபாயாக இருந்தது. 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. இருபது வயது தாண்டிய காருக்கு 2025-இல் 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி.

பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவு எதுவரை, இன்சூரன்ஸ் எதுவரை, கடன் நிலுவை இருக்கிறதா என்பதெல்லாம் இரண்டு நிமிடத்தில் வந்துவிடும். "லோன் எப்பவோ முடிஞ்சுதுங்க" என்ற வாய்ச்சொல் போதாது. வங்கியின் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் கொடுத்து ஹெச்.பி. எனும் அடமானக் குறிப்பைக் கேன்சல் செய்யாவிட்டால், ஆவணத்தில் வண்டி இன்னும் வங்கியிடம் அடமானத்தில்தான் இருக்கிறது. நிலுவை அபராதங்களை இ-சலான் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வேகக் கார்களுக்கு அவை கொத்துக் கொத்தாக இருப்பது வழக்கம்.

இந்தத் தொழிலில் 'ஓப்பன்' என்று ஒரு பழக்கம் உண்டு. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் பழைய ஓனரின் கையெழுத்து மட்டும் வாங்கி, பெயர் மாற்றாமலே வண்டி மூன்று நான்கு கை மாறும். கையெழுத்துப் போட்டவர் எங்கேயோ இருப்பார். இது எல்லோருக்குமே ஆபத்து. பதிவில் பெயர் இருப்பவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆர்.சி.யில் இருக்கும் பெயருக்குரியவர் நேரில் வந்து உட்காராமல் பணம் கைமாறக் கூடாது. வாங்கியபின் பதினான்கு நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்டுவிட வேண்டும்.

இன்சூரன்ஸ் பாலிசியையே ஒரு நோயாளிச் சீட்டு மாதிரிப் படிக்கலாம். நோ கிளெய்ம் போனஸ் 50 சதவீதம் என்று போட்டிருந்தால் அந்த ஓனர் குறைந்தது ஐந்து வருடம் கிளெய்ம் எடுக்கவில்லை என்று பொருள். பூஜ்யம் என்றிருந்தால் போன வருடம் ஏதோ நடந்திருக்கிறது, அல்லது இன்சூரன்ஸ் விட்டுப்போயிருக்கிறது. எது என்று கேளுங்கள்.

அடுத்து அண்ணன் பையிலிருந்து வெள்ளைத்தாளும் பென்சிலும் எடுத்தார். பானெட்டைத் திறந்து, தகட்டில் தட்டியிருந்த சேஸ் எண் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். பதினேழு எழுத்துகளும் தாளில் ஏறின. கம்பெனியில் தட்டிய எழுத்து ஒரே ஆழம், ஒரே இடைவெளி. கையால் தட்டியது ஆடும், சாயும். எண்ணைச் சுற்றிலும் புது வெல்டிங்கோ திட்டாகப் பெயிண்டோ இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். பிறகு விண்ட்ஷீல்டு மூலையில் தெரிந்த எண், கதவுத் தூணில் ஒட்டிய எண், ஆர்.சி. எண் எல்லாவற்றையும் தாளோடு ஒப்பிட்டார். பத்தாவது எழுத்து மாடல் வருடத்தைச் சொல்லும் என்று அக்கா மகனுக்குக் காட்டிக் கொடுத்தார்.

இதில் அவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று தோன்றலாம். நம் பக்கத்துச் சமாசாரம் ஒன்றைச் சொல்கிறேன். 2025 செப்டம்பரில் கொச்சி சுங்கத்துறை 'ஆபரேஷன் நும்கோர்' என்ற பெயரில் கேரளம் முழுக்கச் சோதனை போட்டது. பூட்டானிலிருந்து கள்ளத்தனமாகக் கொண்டுவந்த பழைய சொகுசு வண்டிகளைத் தேடித்தான் அந்தச் சோதனை. அடுத்த மாதம் அமலாக்கத் துறையும் இறங்கியது. ராணுவம், அமெரிக்கத் தூதரகம், வெளியுறவு அமைச்சகம் ஆகியவற்றின் பெயரில் போலி ஆவணம் தயாரித்து, அருணாசலப் பிரதேசம், இமாசலப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் பதிவு செய்து விற்ற கும்பல் கோயம்புத்தூரை மையமாகக் கொண்டது என்று அந்தத் துறை சொன்னது. வாங்கியவர்களின் வண்டிகள் பறிமுதலாயின. முழுப்பணமும் கொடுத்திருந்தவர்களுக்கும் அதே கதிதான்.

இன்னொன்று 2020 டிசம்பரில் நடந்தது. இந்தியாவிலேயே வடிவமைத்த ஸ்போர்ட்ஸ் கார் என்று பெருமையோடு வந்த டி.சி. அவந்தி ஒன்றை மும்பை போலீஸ் பிடித்தது. அது தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டி. அதே இன்ஜின் எண், அதே சேஸ் எண்ணில் இன்னொரு கார் ஹரியாணாவில் பதிவாகியிருக்கிறது என்று போலீஸ் தெரிவித்தது. ஒரே எண்ணில் இரண்டு கார். வெறும் ஆர்.சி.யைப் பார்த்தால் இது எப்படித் தெரியும்?

வெளி மாநில வண்டி மலிவாகத் தெரிவதற்கும் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். வரி குறைந்த இடத்தில் பதிந்த காரை இங்கே நிரந்தரமாகக் கொண்டுவந்தால் வயதுக்கேற்ற வரியை இங்கே கட்டியே ஆக வேண்டும். விலை பேசும்போதே அதைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஜப்பானிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்று யாராவது காட்டினால் ஒரு விதியை நினைவில் வையுங்கள். வெளிநாட்டில் ஓடிய காரை இறக்குமதி செய்யும்போது அதற்கு மூன்று வயதுக்கு மேல் இருக்கக் கூடாது. வலப்பக்க ஸ்டியரிங் இருக்க வேண்டும், மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும். 1998-இல் செய்த வண்டி 2012-இல் வந்தது என்றால் சுங்கத்துறைச் சீட்டைக் கேளுங்கள். நாளைக்குத் தருகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

லாரிக்குச் சேஸ் வேறு, காருக்கு வேறு

இன்ஜின் இன்னும் ஆறவில்லை. அண்ணன் வெயில் விழும் பக்கம் போய்க் காரின் நீளவாட்டில் குனிந்து பார்த்தார். கறுப்பு வண்டியில் இது சுலபம். எதிர்வீட்டு மதில் சுவரின் கோடு கதவில் நேராகத் தெரிந்தது. முன் ஃபெண்டரில் வந்ததும் லேசாக நெளிந்தது. பட்டி போட்டுத் தேய்த்த இடத்தில்தான் அப்படி நெளியும்.

சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு என்று லாரியும் போர்வெல் ரிக்கும் சூழ்ந்த ஊர் இது. லாரி மோதிவிட்டால் சேஸை நிமிர்த்தி, மறுபடி பாடி கட்டி ரோட்டுக்கு அனுப்பிவிடுவோம். அந்தப் பழக்கத்தில் காரையும் அப்படியே நினைத்துவிடுகிறோம். லாரிக்கு ஏணி மாதிரிச் சேஸ் தனி, அதன்மேல் உட்காரும் பாடி தனி. இந்தக் காலக் காரில் பாடிதான் சேஸ். கூரை, தூண், தரை, முன்பக்கத் தகடு எல்லாம் சேர்ந்து ஒரே கூடு. மோதும்போது எந்த இடம் மடங்க வேண்டும், எந்த இடம் மடங்கக் கூடாது என்று கணக்குப் போட்டுச் செய்தது. அதை ஒருமுறை அடித்து நிமிர்த்திவிட்டால் அந்தக் கணக்கு போய்விடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றும் தெரியாது. அவினாசி பைபாஸில் 120-இல் சட்டென்று பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுக்கும்.

அண்ணனிடம் பெயிண்ட் கனம் அளக்கும் சின்னக் கருவி உண்டு. கம்பெனிப் பெயிண்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான். கூரையில் 120 காட்டியது. கதவுகளில் 130. இடது முன் ஃபெண்டரில் 480. ஃபெண்டர் மட்டும் அடிபட்டுப் பட்டி போட்டிருந்தால் பெரிய விஷயமில்லை, சந்தில் மாடு இடித்திருக்கலாம். அதனால் அவர் போல்ட்டுகளைப் பார்த்தார். கம்பெனியில் போல்ட்டை முடுக்கிய பிறகுதான் பெயிண்ட் அடிப்பார்கள். ஸ்பேனர் பட்ட போல்ட்டின் மூலையில் பெயிண்ட் உடைந்திருக்கும். இடது பக்கம் ஐந்து போல்ட்டிலும் உடைந்திருந்தது. வலதில் ஒன்றும் இல்லை.

டார்ச்சை ரேடியேட்டருக்குப் பக்கத்தில் விட்டு, முன்னால் நீண்டிருக்கும் இரும்புக் கையைக் காட்டினார். கம்பெனி வெல்டிங் என்பது வட்ட வட்டமாக, சம இடைவெளியில், விரல்நுனி அளவுக் குழிகள். வலதுபுறம் அப்படித்தான் இருந்தது. இடதுபுறம் இரண்டு குழிக்குப் பிறகு கரடுமுரடாக ஒரு கோடு. அதன்மேல் சீலன்ட் தடவி, அதற்கும்மேல் கறுப்பு அடித்து மறைத்திருந்தார்கள். சீலன்டில் யாரோ ஒருவரின் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது. கம்பெனியில் அதை இயந்திரம் தடவும்.

"இங்க பாருங்க தம்பி" என்று அக்கா மகனைக் கூப்பிட்டு அந்த ரேகையைக் காட்டினார். அவன் ரொம்ப நேரம் குனிந்து பார்த்தான்.

இந்தப் பரிசோதனைகளில் கருவியே தேவையில்லாதவையும் உண்டு. எல்லாக் கண்ணாடிகளின் மூலையிலும் தயாரிப்புக் குறி இருக்கும், ஒரு கண்ணாடி மட்டும் வேறு வருடம் என்றால் ஏன் என்று கேட்க வேண்டும். டிக்கியில் ஸ்டெப்னியை வெளியே எடுத்து அந்தக் குழியின் தகடு மடிந்து நிமிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், பின்னால் வாங்கிய அடி அங்கே தெரியும். காந்தம் ஒட்டிப் பார்ப்பதும் நல்ல வழிதான். ஆனால் 1998-இல் வந்த சான் ஸ்டார்ம் மாதிரி ஃபைபர் பாடி வண்டியில் காந்தம் எங்குமே ஒட்டாது. அதில் கீறல்களையும் கதவு இடைவெளியையும்தான் பார்க்க வேண்டும்.

தண்ணீரில் மூழ்கிய வண்டி இன்னொரு பெரிய அபாயம். 2015 டிசம்பரில் சென்னை, 2018 ஆகஸ்டில் கேரளம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் கழுவித் துடைத்த கார்கள் தூரத்து ஊர்களில் விலைக்கு நிற்கும். 2018-இல் காவிரி கரைபுரண்டு பவானியிலும் ஈரோட்டிலும் கரையோர வீடுகளுக்குள் புகுந்ததை நாமே பார்த்தோம். சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துப் பாருங்கள், யாரும் கழுவாத இடம் அதுதான். கடைசி ஒரு முழத்தில் செம்மண் கறை இருந்தால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. சீட்டைத் தரையோடு பிடித்திருக்கும் போல்ட்டில் துரு, கார்ப்பெட்டின் அடிப்பஞ்சில் பாசி வாசம், இவையும் சாட்சி. ஏ.சி.யை முழு வேகத்தில் வைத்து முதல் காற்றை மோந்து பாருங்கள்.

சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் பண்ணாமல்

கம்ப்யூட்டர் சமாசாரம் இன்ஜினைக் கிளப்பாமலே பாதி தெரிந்துவிடும். சாவியை ஒரு படி திருப்பியதும் ஏர்பேக், ஏ.பி.எஸ்., செக் இன்ஜின் விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிய வேண்டும். எரியவே இல்லை என்றால் எரிந்துகொண்டே இருப்பதைவிட மோசம். ஏர்பேக் வெடித்த வண்டியில் புதுசு மாட்டாமல் விளக்கைப் பிடுங்கிவிடுகிற பழக்கம் உண்டு. ஆயில் விளக்கோடு சேர்த்து ஒட்டுப்போட்டு, இரண்டும் சேர்ந்து அணையும்படி செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு உயிர் போகும் விஷயத்தில் இப்படிச் செய்ய எப்படி மனசு வருகிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஸ்கேனரை மாட்டினால் பிழைக் குறியீடுகள் வரும். ஒரு குறியீடுகூட இல்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள். நாம் வருவதற்கு முன்னால் அழித்திருக்கலாம். அழித்தால் காரின் சுயபரிசோதனைகள் எல்லாம் 'இன்னும் முடியவில்லை' என்று காட்டும். பல நாள் ஓடினால்தான் ஒவ்வொன்றாக முடியும். இந்த வண்டியில் எல்லாமே 'முடியவில்லை' என்றிருந்தது.

டர்போ வண்டி என்றால் ரீமேப் செய்திருக்கிறார்களா என்று கேட்காமல் விடக் கூடாது. மென்பொருளை மாற்றிப் பவரை ஏற்றுவது இளைஞர்களிடம் பரவலாக இருக்கிறது. கிளட்ச், கியர்பாக்ஸ், டர்போ எல்லாவற்றுக்கும் சுமை கூடும். சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி தயாரிப்பாளரின் வடிவமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதிசெய்தது. சைலன்சரை மாற்றியிருந்தால் பழைய ஒரிஜினல் சைலன்சர் வீட்டில் இருக்கிறதா என்று கேட்டு அதையும் சேர்த்து வாங்குங்கள். எஃப்.சி.க்குப் போகும்போது தேவைப்படும்.

உதிரி பாகத்தைப் பற்றியும் இங்கேதான் சொல்ல வேண்டும். ஃபியட் இந்தியாவில் கார் விற்பதை நிறுத்திவிட்டது. அதன் அபார்த் புன்டோ, 145 குதிரைத் திறனோடு 2015-இல் வந்தது, இன்றைக்கும் ஓட்டுவதற்கு அவ்வளவு இன்பமான வண்டி. அதன் புஷ்ஷையும் பேரிங்கையும் கோவையில் தேற்றிவிடலாம். ஒரு ஏ.பி.எஸ். யூனிட்டோ சென்சாரோ போனால் எங்கே போவது? வாங்குவதற்கு முன்பே அந்த மாடல் வைத்திருக்கும் நாலு பேரிடம் பேசி, எது எங்கே கிடைக்கிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. மாதிரி ஏழு கியர் டி.எஸ்.ஜி. ஆட்டோமேட்டிக் வண்டிகளில் கியர்பாக்ஸின் கட்டுப்பாட்டுப் பெட்டிதான் கவலை. 2013-இல் ஃபோக்ஸ்வேகன் உலகம் முழுக்க லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்து அந்தக் கியர்பாக்ஸின் ஆயிலை மாற்றியது. பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆமை வேகத்தில் நகரவிடும்போது வண்டி உதறினால், கிளட்ச் செலவு வாசலில் நிற்கிறது என்று அர்த்தம்.

கடைசியில் இன்ஜின்

எட்டரை மணிக்குக் கிளப்பினோம். ஒரு கொத்து நீலப்புகை வந்து உடனே நின்றது. வால்வ் சீல் கிழடு தட்டியிருக்கிறது. இது லேத் வேலைகூட இல்லை, சில ஆயிரம் ரூபாயோடு முடியும். டர்போவின் காற்றுக் குழாயைக் கழற்றி உள்ளே விரல் விட்டார். லேசான ஆயில் ஈரம், பதினெட்டு வயதுக்கு அது சரி. சொட்டச் சொட்ட இருந்தால்தான் டர்போவின் சீல் போயிற்று. ஆக்ஸிலரேட்டரை ஏற்றி விடும்போது தொடர்ந்து நீலப்புகை வந்தாலும் அதுவேதான். கம்ப்ரஷன் நான்கு சிலிண்டரிலும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருந்தது. ரேடியேட்டர் டாங்கியில் மட்டும் காவி நிறத் தண்ணீர். கூலன்ட் ஊற்றாமல் போர்வெல் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். நம் ஊரில் இது தீராத பழக்கம், அலுமினிய ஹெட்டை உள்ளிருந்து அரித்துவிடும்.

"டைமிங் பெல்ட் எப்ப மாத்துனீங்க?"

"வண்டி நாப்பத்தஞ்சாயிரம்தானுங்க ஓடியிருக்குது. இன்னும் டைம் இருக்குது."

இந்தப் பதிலைத்தான் நான் அடிக்கடி கேட்கிறேன். பெல்ட் ரப்பர். ஓடினாலும் வயதாகும், நின்றாலும் வயதாகும். கிலோமீட்டர், வருடம் இரண்டில் எது முந்துகிறதோ அப்போது மாற்ற வேண்டும். இந்த மாதிரி இன்ஜினில் அது ஓட்டத்தில் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வை முட்டும். அதேபோலத்தான் டயரும். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், 2316 என்றால் 2016-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. பூ நன்றாக இருந்தாலும் எட்டு, பத்து வயது டயரில் வேகம் போகாதீர்கள். இப்போது பங்க்குகளில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்றபடி இந்தப் பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்கள் செய்யப்படவில்லை. பெட்ரோல் ஹோஸ்களைப் புதுசாக மாற்றும் செலவையும் கணக்கில் சேருங்கள்.

நாற்பத்தைந்தாயிரம் என்ற அந்தக் கணக்கையும் நாங்கள் நம்பவில்லை. மீட்டரைத் திருப்பி வைக்க அரை மணி நேரம் போதும். கிளட்ச் பெடலின் தேய்ந்த ரப்பரை அப்படித் திருப்பி வைக்க முடியாது. இந்த வண்டியில் பெடலின் ஒரு மூலையில் இரும்பு தெரிந்தது.

இன்ஜின் நல்லது, கியர்பாக்ஸ் நல்லது, கூடு கெட்டது. கேட்ட விலை ஐந்தரை லட்சம். எங்கள் முகத்தைப் பார்த்து நாலு லட்சத்துக்கு இறங்கினார் விற்பவர். அக்கா மகன் என்னைப் பார்த்தான். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, டார்ச்சைப் பைக்குள் வைத்தார். "வேண்டாமுங்க" என்று அவனேதான் சொன்னான். காருக்குத் திரும்பும்போது அவன் குரல் உடைந்திருந்தது எனக்குத் தெரியும்.

ஐந்து மாதம் கழித்து ஊட்டிப் பதிவில் இன்னொன்று கிடைத்தது. டி.என். 43, அதே மாடல், சிவப்பு, ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடியது. பெயிண்ட் வெளுத்திருந்தது, ஆனால் எந்தப் போல்ட்டிலும் ஸ்பேனர் பட்ட தடமில்லை. சர்வீஸ் பில்கள் ஒரு ஃபைல் நிறைய. விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னார் அண்ணன். அதில் பெல்ட், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், பெட்ரோல் ஹோஸ், நாலு டயர் எல்லாம் முடிந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பண்ணாரி செக்போஸ்ட் தாண்டித் திம்பம் ஏறினோம். இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள், முன்னால் கரும்பு லாரி, இரண்டாவது கியர், காற்றே ஓடாத ஏற்றம். கூலிங் சிஸ்டத்துக்கு இதைவிடப் பரீட்சை கிடையாது. டேஷ்போர்டு முள்ளை அண்ணன் பார்க்கவே இல்லை. உள்ளே சூடு கொஞ்சம் ஏறி இறங்கினாலும் 90-லேயே நிற்கும்படி அந்த மீட்டரை அமைத்திருக்கிறார்கள். அவர் மடியில் ஸ்கேனரை வைத்து உண்மையான வெப்பத்தைப் படித்துக்கொண்டே வந்தார். 92. 96. 99. ஃபேன் போட்டது. 94.

கழற்றிய பழைய டைமிங் பெல்ட் இப்போது அக்கா மகனின் தறிக்கூடத்தில், கணக்கு மேசைக்கு மேல் ஆணியில் தொங்குகிறது. மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் அதன்மேல் வெள்ளை மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறான்.